2015 டிசம்பர் 1 சென்னை மழையில் மனிதர் பங்கு எவ்வளவு? ஒரு நிகழ்வு ஆய்வு

பெருமழை பெய்து ஓய்ந்ததும் வடசென்னையின் வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் பேச்சு இரண்டாகப் பிரியும். “எல்லாம் பருவநிலை மாற்றம்” என்பார்கள் சிலர். “ஏரியைத் திறந்துவிட்டாங்க, கால்வாயைத் தூர்வாரலை, இதுல பருவநிலை எங்கே வந்தது?” என்பார்கள் மற்றவர்கள். 2015 டிசம்பர் மழையைப் பற்றி அறிவியல் ஆய்வே இருக்கிறது என்று தெரிந்ததும் சண்டை இன்னும் சூடாகும். ஏனென்றால் 2016இல் வெளியான முதல் ஆய்வின் முடிவு, புவி வெப்பமாதலின் தாக்கம் இந்த மழையில் கண்டறியப்படவில்லை என்பது. முதல் தரப்பு இதைப் பேசாமல் கடந்துபோகும். இரண்டாம் தரப்பு தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கும். இரண்டு தரப்பும் அந்த ஆய்வைச் சரியாக வாசிக்கவில்லை.

ஒரே மழையை மூன்று குழுக்கள் ஆராய்ந்திருக்கின்றன. அவற்றின் விடைகள் மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றோடொன்று மோதுகின்றன. எந்தக் கேள்விக்கு எந்தத் தரவை வைத்து எந்த விடை வந்தது என்று பிரித்துப் பார்த்தால், மனிதர் பங்கைக் கணிக்கும் முறையின் பலமும் ஓட்டையும் சேர்ந்தே தெரியும்.

பெய்தது என்ன

2015 நவம்பரிலேயே நுங்கம்பாக்கத்தில் ஆயிரம் மி.மீ.க்கு மேல் கொட்டிவிட்டது. 1918க்குப் பிறகு அப்படி ஒரு நவம்பர் இல்லை. மண்ணில் நீர் இறங்க இடமில்லை, ஏரிகள் தளும்பின. அந்த நிலையில் டிசம்பர் 1 காலை தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 494 மி.மீ., செம்பரம்பாக்கத்தில் சுமார் 470 மி.மீ., மீனம்பாக்கத்தில் 345 மி.மீ., நுங்கம்பாக்கத்தில் சுமார் 290 மி.மீ. பதிவாயின. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 204.5 மி.மீ.யைத் தொட்டாலே அதிகனமழை. நான்கு நிலையங்களும் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டன.

இந்த எண்களை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், மழையின் நடுவட்டம் தென்புறநகரில் இருந்தது தெரியும். வடக்கே வர வர அளவு குறைகிறது. வடசென்னையிலும் தண்ணீர் நின்றது. ஆனால் அதற்கும் தாம்பரத்தின் 494க்கும் நேர்க்கோடு போட முடியாது. இதைப் பின்னால் பார்ப்போம்.

தரவில் முதலில் சறுக்கும் இடம் தேதி. மழைமானியை நாள்தோறும் காலை 8.30க்கு அளப்பது இங்கே வழக்கம். டிசம்பர் 1 காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை பெய்தது பதிவேட்டில் டிசம்பர் 2 என்ற தேதியில் இருக்கும். கணினி மாதிரிகளோ உலக நேரப்படி நள்ளிரவில் நாளைத் தொடங்குகின்றன. நம் கடிகாரத்தில் அது காலை 5.30. இந்த மூன்று மணி நேர வித்தியாசத்தைக் கவனிக்காமல் நிலையத் தரவையும் மாதிரித் தரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரே மழை இரண்டு நாளாக உடைந்து ஒருநாள் உச்சம் குறைந்துவிடும். மாதிரியின் மூன்று மணி நேர மதிப்புகளை எடுத்து 8.30க்குப் பொருந்துமாறு மறுபடி கூட்டிக்கொள்வதுதான் சரியான வழி. சின்ன வேலைதான், ஆனால் இதைச் செய்யாத ஒப்பீடுகள் ஏராளம்.

எதை நிகழ்வு என்பது

பங்கைக் கணிக்கும் ஆய்வில் கணக்குப் போடுவதற்கு முன்பே பாதி விடை முடிவாகிவிடுகிறது. ஒருநாள் மழையா, மூன்று நாள் மழையா, நவம்பர் மாதம் முழுவதுமா? ஒரு நிலையமா, வடசென்னையை ஒட்டி ஓடும் கொசஸ்தலை ஆற்றின் வடிநிலம் முழுவதன் சராசரியா? வடகிழக்குப் பருவமழைக் காலம் மட்டுமா, ஆண்டு முழுவதுமா? ஒவ்வொன்றுக்கும் விடை மாறும்.

அதிகம் பெய்த நிலையத்தை மட்டும் பொறுக்கி எடுத்து “இது எவ்வளவு அரிது?” என்று கேட்பது, அம்பு விழுந்த இடத்தைச் சுற்றி வட்டம் வரைவதற்குச் சமம். நுங்கம்பாக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1976 நவம்பர் 25 அன்று அங்கே 450 மி.மீ.க்கு மேல் பதிவாகியிருக்கிறது. அந்த ஒற்றை நிலையத்தை வைத்துப் பார்த்தால் 2015 டிசம்பர் 1 ஒரு சாதனையே இல்லை. நாற்பது ஆண்டுக்கு முன்பு இதைவிட ஒன்றரை மடங்கு பெய்திருக்கிறது. தாம்பரத்தை வைத்துப் பார்த்தால் மிக அரிய மழை. இரண்டும் உண்மை. அதனால்தான் நல்ல ஆய்வுகள் ஒரு நிலையத்தோடு நிற்காமல், ஒரே மாதிரியான காலநிலை கொண்ட கடலோர நிலையங்கள் பலவற்றைச் சேர்த்து எடுக்கின்றன.

கணக்கு எப்படி ஓடுகிறது

ஒவ்வொரு நிலையத்திலும் ஒவ்வோர் ஆண்டின் உச்சமான ஒருநாள் மழையை மட்டும் எடுப்பார்கள். அந்த உச்சங்களின் மேல் ‘பொது உச்ச மதிப்புப் பரவல்’ என்ற வளைவைப் பொருத்துவார்கள். அதில் மூன்று எண்கள் உண்டு: வளைவு எங்கே உட்கார்ந்திருக்கிறது, எவ்வளவு அகலம், மிக அரிய பெருமழைகள் இருக்கும் அதன் வால் எவ்வளவு கனம். பிறகு வளைவின் இருப்பிடமும் அகலமும் உலகச் சராசரி வெப்பநிலையோடு சேர்ந்து நகரட்டும் என்று விடுவார்கள். இன்றைய வெப்பநிலையில் 494 மி.மீ. பெய்வதற்கான வாய்ப்பு, நூறாண்டுக்கு முந்தைய வெப்பநிலையில் அதே மழைக்கான வாய்ப்பு என்று இரண்டு எண்கள் கிடைக்கும். முன்னதைப் பின்னதால் வகுத்தால் வருவது வாய்ப்பு விகிதம். அது 1 என்றால் மாற்றமில்லை. 2 என்றால் இரட்டிப்பு.

இயற்பியல் எதிர்பார்ப்பது என்ன? காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அது தாங்கும் நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். மழையும் அதே அளவு கூடியது என்று வைத்துக்கொண்டால், தாம்பரத்தின் 494 மி.மீ. ஒரு டிகிரி குளிர்ந்த உலகில் 462 மி.மீ.யாக இருந்திருக்கும். வித்தியாசம் 32 மி.மீ. வீட்டுக்குள் தண்ணீர் வந்தவருக்கு இது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. வாய்ப்புக் கணக்கில் கதை வேறு. வால் கனத்தைக் குறிக்கும் எண் 0.2 என்று எடுத்துக்கொண்டால், வாலின் கோடியில் 7 சதவீத அளவு உயர்வு 1.07இன் ஐந்தாம் அடுக்காக, அதாவது சுமார் 40 சதவீத வாய்ப்பு உயர்வாக மாறும். ஒரே உண்மையை “மழை 7 சதவீதம்தான் கூடியது” என்றும் எழுதலாம், “வாய்ப்பு 40 சதவீதம் கூடியது” என்றும் எழுதலாம். எதை எழுதினார்கள் என்று பார்க்காமல் செய்தியை வாசிக்கக் கூடாது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், சென்னையின் ஆண்டு உச்ச மழை ஆண்டுக்கு ஆண்டு பல மடங்கு ஏறி இறங்குகிறது. ஒரு புயல் முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கரையைக் கடந்தால் போதும், அந்த ஆண்டின் எண் தலைகீழாகிவிடும். இந்த ஆட்டத்துக்குள் 7 சதவீத நகர்வைத் தேடிப் பிடிக்க வேண்டும். கணக்குக்காக ஒரு விடையைக் கற்பனை செய்வோம்: வாய்ப்பு விகிதம் 1.4, நிச்சயமின்மை வரம்பு 0.7 முதல் 2.8 வரை. வரம்புக்குள் 1 இருக்கிறது. எனவே ஆய்வறிக்கை ‘தாக்கம் கண்டறியப்படவில்லை’ என்றுதான் எழுத முடியும். ஆனால் அதே வரம்புக்குள் 2உம் இருக்கிறது. தாக்கமே இல்லை என்று சொல்ல வேண்டுமானால் வரம்பு 1ஐ ஒட்டி இறுக்கமாகச் சுருங்கியிருக்க வேண்டும். 2015 மழை பற்றிய வாதங்களில் பாதி இந்த ஒரு இடத்தைத் தாண்டியதே இல்லை.

மூன்று ஆய்வுகள்

முதலாவது, நெதர்லாந்து அரச வானிலை நிறுவனத்தின் கீர்ட் யான் வான் ஓல்டன்பார்க் தலைமையில், ஃப்ரெடரிக் ஓட்டோ, கார்ஸ்டன் ஹாஸ்டைன், ஐ.ஐ.டி. டெல்லியின் கிருஷ்ண அச்சுதராவ் ஆகியோர் செய்தது. அமெரிக்க வானிலைச் சங்கத்தின் இதழ், முந்தைய ஆண்டின் தீவிர நிகழ்வுகளை ஆராய்ந்து ஆண்டுதோறும் வெளியிடும் சிறப்பிதழில் 2016 டிசம்பரில் வந்தது. நிலையப் பதிவுகளில் காலப்போக்கில் கூடும் போக்கு இல்லை. வங்காள விரிகுடாவின் மேற்குப் பகுதியில் கடல் மேற்பரப்பு வெப்பமும் அதற்கு முந்தைய சில பத்தாண்டுகளில் தெளிவாக உயரவில்லை. எனவே புவி வெப்பமாதலின் தாக்கம் கண்டறியப்படவில்லை என்று முடித்தார்கள். அதோடு நிற்கவில்லை. பசுமை இல்ல வாயுக்களின் தாக்கத்தை இதுவரை காற்றுத்துகள்கள் ஈடுகட்டிவந்திருப்பதே காரணமாக இருக்கலாம் என்றும் சொன்னார்கள். அந்த இரண்டாம் பாதியை மேற்கோள் காட்டுபவர்கள் குறைவு.

இரண்டாவது, ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் அலுகுல போயாஜ், கே. அசோக், ஐ.ஐ.டி. பம்பாயின் சுபிமல் கோஷ் முதலானோர் செய்தது; ‘கிளைமேட் டைனமிக்ஸ்’ இதழில் வந்தது. இவர்கள் கேட்டது வேறு கேள்வி. வாய்ப்பு எவ்வளவு என்று கேட்காமல், நடந்த அதே மழையைக் கணினி மாதிரியில் மறுபடி பெய்யவைத்தார்கள். பிறகு கடலின் வெப்பத்தை மட்டும் மாற்றி ஓட்டினார்கள். வங்காள விரிகுடாவின் அப்போதைய கூடுதல் வெப்பத்தை எடுத்துவிட்டால் மழை கணிசமாகக் குறைந்தது. ஆகவே வெதுவெதுப்பான கடலுக்கு இந்த மழையில் பங்குண்டு என்றார்கள்.

மூன்றாவது, அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் உள்ள புவி இயற்பியல் திரவ இயக்கவியல் ஆய்வகத்தின் உயர்துல்லிய மாதிரிகளை வைத்து லட்சுமி கிருஷ்ணமூர்த்தி, கேப்ரியல் வெக்கி முதலானோர் செய்து 2018இல் ‘ஜர்னல் ஆஃப் கிளைமேட்’டில் வெளியிட்டது. மனிதச் செயல்களால் மாறும் கதிர்வீச்சுச் சமநிலை இப்படிப்பட்ட மழையின் வாய்ப்பைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. கரியமில வாயுவை இரட்டிப்பாக்கி ஓட்டிய சோதனையிலும் கூடவில்லை. பசிபிக் கடலின் வெப்ப ஏற்ற இறக்கங்களான எல் நினோவோ லா நினாவோ தனியாகக் கூட்டவில்லை. ஆனால் வங்காள விரிகுடா வெதுவெதுப்பாக இருந்தால் வாய்ப்பு கூடுகிறது. கூடவே ஈரத்தை இழுத்துவரும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்றும் வேண்டும்.

மேலோட்டமாகப் படித்தால் முதலும் மூன்றும் ‘இல்லை’ என்கின்றன, இரண்டாவது ‘உண்டு’ என்கிறது. உண்மையில் இரண்டும் மூன்றும் ஒரு விஷயத்தில் கைகோக்கின்றன: விரிகுடாவின் வெப்பமே சாவி. அப்படியானால் சண்டை மழையைப் பற்றியது அல்ல, கடலைப் பற்றியது. விரிகுடாவின் வெப்பத்தில் எவ்வளவு மனிதரால், எவ்வளவு இயல்பான ஏற்ற இறக்கத்தால்? 2020இல் புவி அறிவியல் அமைச்சகம் வெளியிட்ட இந்தியப் பருவநிலை மதிப்பீடு, வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951 முதல் 2015 வரை சுமார் 1 டிகிரி சூடேறியது என்கிறது. முதல் ஆய்வு மேற்கு விரிகுடாவில் போக்கு தெரியவில்லை என்கிறது. முரண் போலத் தோன்றும். ஒன்று பெருங்கடல் முழுவதன் சராசரி, அறுபத்தைந்து ஆண்டு. மற்றது ஒரு மூலை, குறுகிய காலம். விரிகுடாவின் வெப்பம் அரபிக் கடலைப் போல வேகமாக ஏறவில்லை. எல்லையையும் காலத்தையும் சொல்லாமல் ‘கடல் சூடாகிறது’ என்று எழுதும் எந்த வரியும் இந்த விவாதத்தில் செல்லாது.

இப்படி ஒரு மோதல் முன்பும் நடந்திருக்கிறது. 2010 ரஷ்ய வெப்ப அலை பெரும்பாலும் இயல்பான வானிலையால் வந்தது என்றது 2011இல் ஒரு குழு. வெப்பமாதல் இல்லாவிட்டால் அந்தச் சாதனை வெப்பம் வந்திருக்காமல் போக 80 சதவீத வாய்ப்பு என்றது அதே ஆண்டில் மற்றொரு குழு. 2012இல் ஃப்ரெடரிக் ஓட்டோவும் சகாக்களும் இரண்டும் சரி என்று காட்டினார்கள்: முதல் குழு எத்தனை டிகிரி என்று கேட்டது, இரண்டாவது எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்று கேட்டது. மேலே பார்த்த 7 சதவீதம், 40 சதவீதம் கணக்குதான் அங்கே வெப்பத்தில் நடந்தது.

புகைபோக்கியின் பங்கு

காற்றுத்துகள் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், காரணம் அனல் மின் நிலையங்கள் உள்ள வடசென்னையின் எண்ணூருக்கும் அத்திப்பட்டுக்கும் அது அந்நியமல்ல. நிலக்கரி எரியும்போது கரியமில வாயுவும் வருகிறது, கந்தக டை ஆக்சைடும் வருகிறது. முன்னது நூற்றாண்டுகள் தங்கி வெப்பத்தைப் பிடித்துவைக்கும். பின்னது சல்பேட் துகளாக மாறி, வெயிலைத் திருப்பியனுப்பி, சில நாட்களில் மழையோடு இறங்கிவிடும். ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கைப்படி, 1850–1900 காலத்தோடு ஒப்பிட்டால் 2010–2019இல் பசுமை இல்ல வாயுக்கள் 1.0 முதல் 2.0 டிகிரி வரை சூடாக்கியிருக்கின்றன. காற்றுத்துகள் முதலான மற்ற மனிதக் காரணங்கள் 0 முதல் 0.8 டிகிரி வரை குளிர்வித்திருக்கின்றன. நிகர மனிதப் பங்குக்கான சிறந்த மதிப்பீடு 1.07 டிகிரி. சூரியன், எரிமலை ஆகியவற்றின் பங்கு பூஜ்யத்துக்கு 0.1 டிகிரி இப்படியோ அப்படியோ.

தெற்காசியாவின் மேல் இந்தத் துகள் போர்வை அடர்த்தியானது. 1999இல் நடந்த இந்தியப் பெருங்கடல் பரிசோதனை இதை விமானமும் கப்பலும் வைத்து அளந்தது. அதை நடத்தியவர்களில் முதன்மையானவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த வீ. ராமநாதன். கடல்மேல் விழும் வெயில் குறைந்தால் ஆவியாவதும் குறையும். எனவே முதல் ஆய்வின் ‘கண்டறியப்படவில்லை’ என்ற முடிவுக்குள்ளேயே எதிரெதிராக இழுக்கும் இரண்டு மனிதத் தாக்கங்கள் ஒளிந்திருக்கக்கூடும். மனிதர் பங்கு இல்லை என்று அதை மேற்கோள் காட்டுவது அதனால்தான் வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் எண்ணூர்ப் புகைபோக்கி வியாசர்பாடி மழையைக் குறைத்தது என்று இதைப் படித்துவிடவும் கூடாது. இது துணைக்கண்டம் முழுவதன் புகை. உள்ளூர் அனல் மின் நிலையம் ஒன்றின் பங்கை மழையில் பிரித்தெடுக்க இன்றைய மாதிரிகளால் முடியாது.

அந்தப் போர்வை நிரந்தரமும் அல்ல. 2015 டிசம்பர் 7 அன்று, நகரில் வெள்ளம் வடிந்துகொண்டிருந்த அதே வாரம், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல் மின் நிலையங்களுக்கு முதன்முறையாகக் கந்தக டை ஆக்சைடு வரம்பை அறிவித்தது. 2003க்குப் பிறகு, 2016க்குள் அமைந்த 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள அலகுகளுக்குக் கனமீட்டருக்கு 200 மில்லிகிராம். எண்ணூர் அருகே வல்லூர் அனல் மின் நிலையத்தில் உள்ளவை 500 மெகாவாட் அலகுகள்தான். வரம்பை எட்ட, புகையைச் சுண்ணாம்புக்கல் கரைசலால் கழுவி ஜிப்சமாகப் பிடிக்கும் கருவி வேண்டும். அதற்கான கெடு பலமுறை தள்ளிப்போனது; 2025இல் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கிடைத்தது. கருவி வந்தால் மூச்சுக்கு நல்லது, சந்தேகமில்லை. நாடு முழுவதும் வந்தால் அதுவரை மறைந்திருந்த வெப்பம் சில வாரங்களிலேயே வெளிப்படத் தொடங்கும். 2015 வரையான பதிவில் போக்கு இல்லை என்பதை 2040க்கு நீட்டிக்க முடியாததற்கு இதுவே முதல் காரணம்.

உலக வெப்பநிலையில் வாதம் ஏன் முடிந்தது, மழையில் ஏன் முடியவில்லை

மனிதர் பங்கு பற்றிய ஐ.பி.சி.சி.யின் வாசகம் படிப்படியாக ஏறியது. 1990இல் கண்டறிய இன்னும் பத்தாண்டோ அதற்கு மேலோ ஆகலாம் என்றது. 1995இல் மாட்ரிட் கூட்டத்தில், சான்றுகளைச் சீர்தூக்கினால் மனிதத் தாக்கம் புலப்படுகிறது என்றது. 2001இல் குறைந்தது 66 சதவீதம், 2007இல் 90, 2013இல் 95 சதவீதம் என்ற அளவுக்கான சொற்கள் வந்தன. 2021இல் ஐயத்துக்கு இடமில்லை என்ற நிலை. 1995 அறிக்கையில் மனிதத் தாக்கம் பற்றிய அத்தியாயத்தின் தலைமை ஆசிரியர் பென் சாண்டர் மீது, ஒப்புதலுக்குப் பிறகு வாசகத்தை மாற்றினார் என்று 1996இல் அமெரிக்க நாளிதழ் ஒன்றில் இயற்பியலாளர் ஃப்ரெடரிக் சைட்ஸ் குற்றம்சாட்டினார். மறுஆய்வுக் கருத்துகளுக்கு ஏற்ப வரைவைத் திருத்தியாக வேண்டும் என்பதுதான் அமைப்பின் விதி. திருத்தாமல் விட்டிருந்தால்தான் தவறு.

வாசகத்தை ஏற்றிவைத்தது கைரேகை முறை. கிளாஸ் ஹாசல்மன் வகுத்த அந்த முறைக்கு 2021இல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சூரியன் காரணம் என்றால் வளிமண்டலம் அடி முதல் நுனி வரை சூடாக வேண்டும். கரியமில வாயு காரணம் என்றால் கீழ் அடுக்கு சூடேறும், அதற்கு மேலுள்ள அடுக்கு வளிமண்டலம் குளிரும். அளவீடுகள் காட்டுவது பின்னதை. செயற்கைக்கோள் பதிவில் கீழ் அடுக்கு சூடேறவில்லையே என்று நீண்டகாலம் எழுந்த ஆட்சேபமும், 1998இல் சுற்றுப்பாதைச் சரிவுக்கும் 2005இல் அளவீட்டு நேரம் நகர்ந்ததற்கும் திருத்தங்கள் வந்ததும் பெரும்பாலும் கரைந்தது.

வெப்பநிலையில் இது முடிந்ததற்குக் காரணம், உலகச் சராசரியில் இயல்பான ஏற்ற இறக்கம் என்ற குறுக்குச் சத்தம் குறைவு. ஒருநாள் மழையில், அதுவும் ஒரு நகரத்தில், சத்தமே பெரிது. ஐ.பி.சி.சி. இதனால்தான் இரண்டு அளவுகோல் வைத்திருக்கிறது: நிகழ்தகவுக்கு ஒன்று, சான்றின் அளவையும் ஆய்வுகளின் ஒற்றுமையையும் சேர்த்துப் பார்க்கும் நம்பகத்துக்கு மற்றொன்று. ‘குறைந்த நம்பகம்’ என்றால் தாக்கம் குறைவு என்று பொருளல்ல. சான்று மெலிந்தது அல்லது ஒத்துப்போகவில்லை. சென்னைப் பெருமழை அந்தக் கட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. உலக வெப்பத்தில் உள்ள உறுதியை இந்த மழைக்குக் கடன் வாங்குவதும் தவறு. இந்த மழையில் உள்ள ஐயத்தை உலக வெப்பத்தின் மேல் ஏற்றுவதும் தவறு.

வடசென்னையில் பங்கு பிரிக்கும்போது

மழையும் வெள்ளமும் ஒன்றல்ல. மேற்சொன்ன மூன்று ஆய்வுகளும் வானத்திலிருந்து விழுந்ததைத்தான் கணக்கிட்டன. கணேசபுரம் சுரங்கப்பாதையில் நின்ற நீருக்கு அவை விடை சொல்லவில்லை, சொல்ல முயலவும் இல்லை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தது பற்றித் தணிக்கைத் துறை எழுதியது அடையாறு கரைக்குப் பொருந்தும். வடக்கே கணக்கு வேறு: பூண்டி நீர்த்தேக்கத்தில் திறக்கும் உபரி கொசஸ்தலையில் வந்து மணலிப் புதுநகரைச் சூழும், 2021 நவம்பரில் நடந்ததுபோல. உள்நகர நீர் ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய், கொடுங்கையூர் கால்வாய் வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழும். அது எண்ணூர் முகத்துவாரத்தில் கடல் இறங்கியிருந்தால்தான் வடியும். முகத்துவாரம் அனல் மின் நிலையச் சாம்பல் குழம்பாலும் மணலாலும் மேடிட்டால், மழை ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடாமலே வெள்ளம் கூடும். இதுவும் மனிதர் பங்குதான். வெப்பமாதல் கணக்கில் மட்டும் சேராது.

கடலரிப்பு இன்னும் நல்ல பாடம். ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் ஊரைத் தின்றதைக் கடல்மட்ட உயர்வின் தலையில் போடுவது எளிது. தேதிகள் ஒத்துழைக்காது. 1870களின் பிற்பாதியில் துறைமுக அலைத்தடுப்புகள் எழத் தொடங்கின. இந்தக் கரையில் மணலின் நிகர ஓட்டம் தெற்கிலிருந்து வடக்கே. சுவர் மணலை மறித்தது. மெரினா அகன்றது, காசிமேடும் திருவொற்றியூரும் தேய்ந்தன. கற்களைக் கொட்டித் தூண்டில் வளைவு போட்ட இடத்தில் மணல் தங்கியது, அதற்கு வடக்கே அடுத்த குப்பத்தில் அரிப்பு தொடர்ந்தது. உலகக் கடல்மட்ட உயர்வு மட்டும் காரணம் என்றால் துறைமுகத்துக்குத் தெற்கேயும் கரை தேய்ந்திருக்க வேண்டும். தெற்கே வளர்ச்சி, வடக்கே தேய்வு என்ற இந்த அமைப்பே சுவரின் கைரேகை. கடல்மட்ட உயர்வு இல்லை என்று இதற்குப் பொருளல்ல. வடக்கு இந்தியப் பெருங்கடலில் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்கு 3.3 மி.மீ. உயர்ந்ததாக அமைச்சக மதிப்பீடே சொல்கிறது. முப்பது ஆண்டில் பத்து செ.மீ. கரை நூறு மீட்டர் பின்வாங்க அது போதாது. ஆனால் தரை தட்டையான கொருக்குப்பேட்டையில், ஓதம் இறங்கும்வரை காத்திருக்கும் கால்வாய்க்கு, வடிவதற்குக் கிடைக்கும் நேரத்தை அந்தப் பத்து செ.மீ. குறைத்துவிடும்.

வடிகால் கட்டுபவருக்கு இந்த விவாதத்தில் தேவைப்படும் எண் இன்னும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆசிய வளர்ச்சி வங்கி 2021இல் 25.1 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்ட கொசஸ்தலை வடிநில வடிகால் திட்டம், வடசென்னையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வடிகாலைக் கட்டவும் சீரமைக்கவும் தொடங்கப்பட்டது. வடிகாலின் அகலத்தைத் தீர்மானிப்பது ஒருநாள் மழை அல்ல, ஒரு மணி நேர மழை. தாம்பரத்தின் 494 மி.மீ.யை 24ஆல் வகுத்தால் மணிக்குச் சராசரி 21 மி.மீ.கூட இல்லை, தெருவை மூழ்கடிப்பது அந்தச் சராசரியைப் பல மடங்கு தாண்டும் ஓரிரு மணி நேரம். அந்தக் குறுகிய நேர மழை, டிகிரிக்கு 7 சதவீதத்தைத் தாண்டியும் கூடக்கூடும் என்பதற்கு உலகின் சில பகுதிகளில் சான்று உண்டு. மூன்று ஆய்வுகளில் எதுவும் சென்னையின் மணி நேர மழையை எடுத்துக்கொள்ளவில்லை. வடிகால் வடிவமைப்புக்கான மழைச் செறிவு வளைவோ, பழைய பதிவுகளின் பரவல் அப்படியே தொடரும் என்ற அனுமானத்தில் வரையப்படுவது. அடுத்த ஆய்வு தொடங்க வேண்டிய இடம் நுங்கம்பாக்கத்தின் நூற்றாண்டு நாள் பதிவு அல்ல. வடிநிலத்துக்குள்ளேயே இருக்கும் தானியங்கி நிலையங்களின் பதினைந்து நிமிடப் பதிவும், அதே மணி நேரத்தில் எண்ணூர் முகத்துவாரத்தின் ஓத உயரமும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும்.